ஓடுபவரின் வயிறு

மாரத்தான் பற்றிய புத்தகங்களைத் தொடர்ந்து வாசித்தால் ஒரு கட்டத்தில் எல்லாமே ஒரே புத்தகம்போலத் தோன்ற ஆரம்பிக்கும். உடல் கைவிடும் இடத்தில் மனம் பொறுப்பேற்கிறது. 30ஆவது கிலோமீட்டருக்குப் பிறகு ஓடுவது கால் இல்லை, வைராக்கியம். மழையும் வெயிலும் எதிர்க்காற்றும் அந்த வைராக்கியத்தைச் சோதிக்க வந்த வில்லன்கள். கடைசி அத்தியாயத்தில் வில்லன் தோற்கிறான். நாம் புத்தகத்தை மூடிவிட்டு அலாரத்தை நாலரை மணிக்கு வைக்கிறோம்.

நானும் அப்படி அலாரம் வைத்தவன்தான். ஆனால் சில வருடங்களாக லாங் ரன் ஓடிக்கொண்டும், பிழைப்புக்கு மென்பொருள் எழுதிக்கொண்டும் இருப்பதால், இந்தப் புத்தகங்களிடம் இரண்டு அற்பமான கேள்விகளைக் கேட்கும் பழக்கம் வந்துவிட்டது. அன்றைக்கு வானிலை என்ன? வழியில் என்ன தின்றார்? ராத்திரி மூன்று மணிக்கு ஒரு சர்வர் படுத்துவிட்டால், காலையில் எழுதும் அறிக்கையில் 'சர்வருக்கு மனவுறுதி போதவில்லை' என்று யாரும் எழுதுவதில்லை. நினைவகம் தீர்ந்ததா, சூடேறியதா, எச்சரிக்கை வந்தபோது யார் பார்க்காமல் விட்டார்கள் என்று தேடுவோம். மனிதர்களைப் பற்றி எழுதும்போது மட்டும் அந்த நாணயம் எங்கே போகிறது?

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். ஒரு கிலோ உடல் எடையை ஒரு கிலோமீட்டர் சுமந்து ஓட ஏறத்தாழ ஒரு கிலோகலோரி ஆகும். 65 கிலோ எடையுள்ளவர் 42.195 கிலோமீட்டர் ஓட, சுமார் 2,700. நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வந்தாலும் தசையிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜனாகச் சேமித்திருக்கும் மாவுச்சத்து சுமார் 2,000 கிலோகலோரிதான். கொழுப்பு நிறைய இருக்கிறது, ஆனால் அது மெதுவாகத்தான் எரியும். சேமிப்பு தீருகிற இடத்தில் கால் கனக்கும், வேகம் விழும், மூளைக்குப் போகிற சர்க்கரையும் குறையும். ஓடுபவர்கள் இதைச் 'சுவர்' என்பார்கள். சுவரில் மோதிய ஒருவருக்கு 'நான் ஏன் இதைச் செய்கிறேன், நான் எதற்கும் லாயக்கில்லை' என்று தோன்றும். அந்தக் கணத்தில் அது பெரிய தத்துவ நெருக்கடி மாதிரி இருக்கும். பல சமயம் அது ஒரு ஜெல் பாக்கெட்டில் இருக்கும் 25 கிராம் சர்க்கரை அளவுக்கான நெருக்கடி.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1924இல் பாஸ்டன் மாரத்தான் முடிவுக்கோட்டில் மருத்துவர்கள் சிலர் ஓட்டக்காரர்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். தளர்ந்து, வெளிறி, குழம்பிப்போய் வந்து சேர்ந்தவர்களுக்கு ரத்தச் சர்க்கரை மிகவும் குறைந்திருந்தது. அடுத்த வருடம், 1925இல், அதே பந்தயத்தில் ஓடியவர்களில் சிலரை முன்கூட்டியே மாவுச்சத்து நிறையச் சாப்பிடச் சொல்லி, ஓடும்போது மிட்டாய் கொடுத்தார்கள். அந்தத் தளர்ச்சியும் குழப்பமும் வரவில்லை. வைராக்கியம் என்று நினைத்ததில் ஒரு பங்கு மிட்டாய் என்று தெரிந்து நூறு வருடம் ஆகிறது. ஓட்ட இலக்கியம் இன்னும் அந்த அறிக்கையைப் படிக்கவில்லை.

*

நம்மில் பெரும்பாலானோருக்கு ஓட்ட இலக்கியம் என்றால் ஹாருகி முரகாமிதான். ஓட்டத்தைப் பற்றிய அவருடைய நினைவுக் குறிப்புகள் ஜப்பானிய மொழியில் 2007இலும் ஆங்கிலத்தில் 2008இலும் வந்தன. ஷூ வாங்குவதற்கு முன்பே அந்தப் புத்தகத்தை வாங்கியவர்களை எனக்குத் தெரியும். அதிலிருந்து எல்லோரும் எடுத்துச் சொல்வது வலியையும் துன்பத்தையும் பிரித்துப் பார்க்கும் அந்த மந்திரத்தைத்தான். ஆனால் புத்தகத்தின் ஆகச் சிறந்த பகுதி மந்திரத்துக்கு நேர் எதிரானது.

1983 கோடையில், ஒரு பத்திரிகைக்காக, முரகாமி ஏதென்ஸிலிருந்து மாரத்தான் ஊர் வரைக்கும் ஓடுகிறார். புராணக் கதையின் பாதையைத் தலைகீழாக. கிரேக்க ஜூலை வெயில். கூட வந்த புகைப்படக்காரருக்கு, இவர் நிஜமாகவே முழுத் தூரமும் ஓடப் போகிறார் என்பதே ஆச்சரியம். சும்மா அங்கங்கே ஓடுகிற மாதிரி நின்றால் படம் எடுத்துக்கொள்ளலாமே என்பது அவருடைய கணக்கு. முரகாமி ஓடுகிறார். வழியில் வண்டியில் அடிபட்டுச் செத்துக் கிடக்கும் நாய்களையும் பூனைகளையும் எண்ணுகிறார். வியர்வை உலர்ந்து தோலில் உப்பாகப் படிகிறது. கடைசிக் கிலோமீட்டர்களில் அவருக்கு எல்லாவற்றின் மீதும் கோபம் வருகிறது. படமெடுப்பவர் மீது கோபம். சாலையோரம் நிம்மதியாக மேய்ந்துகொண்டிருக்கும் ஆடுகள் மீதுகூடக் கோபம்.

அந்த ஆடுகளுக்காகவே நான் முரகாமியை நம்புகிறேன். சர்க்கரை இறங்கினால் மனிதர்கள் காரணமில்லாமல் எரிந்து விழுவார்கள் என்பது வீட்டில் நீரிழிவு நோயாளி இருக்கும் எவருக்கும் தெரியும். முரகாமி அதற்கு நோய்ப்பெயர் வைக்கவில்லை, தத்துவமும் ஆக்கவில்லை. ஆட்டைப் பார்த்தேன், எரிச்சலாக இருந்தது என்று எழுதிவிட்டுப் போகிறார். உடலுக்குள் நடப்பது வெளியுலகத்தின் நிறத்தையே மாற்றிவிடுகிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

பிறகு அந்த பீர். ஓடும்போது முழுக்க அவர் மனதில் குளிர்ந்த பீர் ஒன்று நுரைத்துக்கொண்டே இருக்கிறது. ஊர் போய்ச் சேர்ந்து நிஜ பீரைக் குடிக்கிறார். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓடும்போது கற்பனையில் குடித்ததன் அருகில் வரவில்லை. இதை ஒரு நகைச்சுவையாக வாசித்துக் கடந்துவிடலாம். எனக்கு இது ஒரு புனைவெழுத்தாளர் தன் தொழிலைப் பற்றித் தந்த வாக்குமூலம். அந்தக் கற்பனை பீரைத் தயாரித்தது எது? நாக்கு வறட்சி. உடம்பிலிருந்து போன தண்ணீரும் உப்பும். உடலைத் தாண்டிப் போன மனம் அங்கே இல்லை. தாகத்தில் தவிக்கும் உடல்தான் அங்கே கதை எழுதுகிறது.

இதே புத்தகத்தில் 1996இல் ஹொக்கைதோவின் சரோமா ஏரியைச் சுற்றி அவர் ஓடிய 100 கிலோமீட்டர் வருகிறது. 55ஆவது கிலோமீட்டரில் உடை மாற்றி, வீங்கிய காலுக்கு அரை அளவு பெரிய ஷூ போட்டுக்கொண்டு கிளம்புகிறார். அதுவரைக்கும் எழுத்து உயிரோடு இருக்கிறது. அதன் பிறகு, தான் மனிதன் இல்லை, ஓர் இயந்திரம், இயந்திரம் எதையும் உணராது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார். நடக்காமல் ஓடியே முடிக்கிறார், 11 மணி 42 நிமிடத்தில். பெரும்பாலான வாசகர்களுக்குப் புத்தகத்தின் உச்சம் இதுதான்.

இந்த உவமை எனக்கு ஒத்துவரவில்லை. இயந்திரங்களோடு குடித்தனம் நடத்தாதவர்கள்தான் இயந்திரம் சளைக்காது என்று நம்புவார்கள். எரிபொருள் தீர்ந்தால் ஒரு மீட்டர்கூட நகராத, சூடேறினால் தானாக நின்றுவிடுகிற பொருளுக்குப் பெயர்தான் இயந்திரம். எரிபொருளும் வெப்பமும் எந்த அளவில் இருக்கின்றன என்று காட்ட முள் இல்லாமல் யாரும் அதை ஓட்டுவதில்லை. சரோமாவில் முரகாமி செய்தது அந்த முள்ளைத் துணி போட்டு மூடியது. அதற்கான விலையையும் அவரே நேர்மையாகப் பதிவு செய்கிறார்: அந்தப் பந்தயத்துக்குப் பிறகு ஓடும் ஆசையே அவரை விட்டுப் போய்விட்டது, திரும்பி வர நெடுங்காலம் ஆனது. மந்திரத்தை மேற்கோள் காட்டுபவர்கள் இந்தப் பின்கதையை ஏனோ மேற்கோள் காட்டுவதில்லை.

*

ஓடுபவரின் வயிற்றை முதல் பக்கத்திலேயே எழுதிய ஒரு கதை உண்டு. ஆலன் சில்லிட்டோ 1959இல் வெளியிட்ட, நெடுந்தூர ஓட்டக்காரனின் தனிமையைத் தலைப்பில் வைத்த அந்த நீள்கதை. நாட்டிங்ஹாம் தொழிலாளர் குடும்பத்துப் பையன் ஸ்மித், திருட்டுக்காகச் சிறார் சீர்திருத்தப் பள்ளியில் அடைக்கப்பட்டிருக்கிறான். நன்றாக ஓடுவான் என்று கண்டுபிடித்த அதிகாரி, கோப்பையை வெல்வதற்காக அவனைப் பயிற்சிக்கு அனுப்புகிறார். உறைபனி படிந்த விடியல். மெல்லிய உடை. வயிற்றில் ஒரு காய்ந்த ரொட்டித் துண்டுகூட இல்லை.

இங்கே குளிரும் பசியும் வில்லன்கள் இல்லை. அவற்றுக்கு முகவரி இருக்கிறது. அந்தக் குளிரில் அவனை நிறுத்தியது யார், சாப்பாட்டுக்கு முன்னால் ஓடச் சொன்னது யார், கோப்பை யாருடைய அலமாரிக்குப் போகும் என்று ஸ்மித்துக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் கடைசியில் ஜெயிக்கிற பந்தயத்தில் வேண்டுமென்றே நின்று தோற்கிறான். அந்தத் தோல்வியைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். பின்னால் வரும் ஒரு சின்னத் தகவலைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அந்தக் குளிர் ஓட்டங்கள் அவன் நுரையீரல் உறையில் அழற்சியாகத் தங்கிவிடுகின்றன. அந்த நோயாலேயே பின்னால் அவன் ராணுவத்துக்குப் போகாமல் தப்பிக்கிறான். பந்தயம் முடிந்தாலும் வானிலை முடிவதில்லை. அது உடம்பில் கணக்கு வைத்திருக்கிறது. வைராக்கியத்தைப் பாடும் புத்தகங்கள் பதக்கத்தோடு முடிந்துவிடுவதால் இந்தப் பக்கத்துக்கு வருவதேயில்லை.

சில்லிட்டோ புனைவில் கேட்ட 'யார் அனுப்பியது' என்ற கேள்விக்கு நிஜ வரலாற்றில் ஒரு பயங்கரமான உதாரணம் இருக்கிறது. 1904 ஆகஸ்ட் 30, செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக் மாரத்தான். 30 டிகிரியைத் தாண்டிய வெயிலில், மண் சாலையில், கூடவே போன மோட்டார் வண்டிகள் கிளப்பிய புழுதிக்குள் 32 பேர் ஓடினார்கள். 14 பேர்தான் முடித்தார்கள். ஒருவர் விழுங்கிய புழுதியால் வயிற்றில் ரத்தக்கசிவு ஏற்பட்டுச் சாவின் விளிம்புக்குப் போனார். வழியில் தண்ணீர் ஓரிரு இடத்தில்தான். அது கவனக்குறைவு இல்லை. தண்ணீர் இல்லாமல் உடல் எவ்வளவு தாங்கும் என்று பார்ப்பதில் ஏற்பாட்டாளர் ஜேம்ஸ் சல்லிவனுக்கு ஆர்வம் இருந்தது. முதல் பரிசு பெற்ற தாமஸ் ஹிக்ஸ் தண்ணீர் கேட்டபோது உதவியாளர்கள் குடிக்கக் கொடுக்கவில்லை. பதிலாக முட்டை வெள்ளைக்கருவில் ஸ்ட்ரிக்னைன் கலந்து கொடுத்தார்கள். எலிப் பாஷாணத்தில் சேர்ப்பார்களே, அதே ஸ்ட்ரிக்னைன். மேலே கொஞ்சம் பிராந்தி. கடைசியில் அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்து முடிக்க வைத்தார்கள்.

அந்த உதவியாளர்களில் ஒருவரான சார்ல்ஸ் லூகாஸ் மறுவருடமே அந்த ஒலிம்பிக்கைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். ஓட்ட இலக்கியத்தில் சேர்த்து வாசிக்க வேண்டிய பிரதி அது. சாகக் கிடந்த ஒருவரை அருகிலிருந்து பார்த்தவர் எழுதியது. ஆனால் லூகாஸ் அதிலிருந்து எடுக்கும் பாடம், நீண்ட பந்தயத்தில் மருந்துகள் மிகவும் பயன் தருகின்றன என்பதுதான். தண்ணீர் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வியே அவருக்கு எழவில்லை. முடிவுக்கோட்டைத் தாண்டினான், ஆகவே செய்ததெல்லாம் சரி. இன்றைக்கு நம் வாட்ஸாப் குழுக்களில் சுற்றும் ஊக்க வாசகங்களின் தாத்தா இந்தத் தர்க்கம்தான்.

*

எதிர்ப்பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு புத்தகம்: டெஸ் லிண்டன் 2023இல் எழுதிய தன்வரலாறு. 2018 ஏப்ரலில் நடந்த பாஸ்டன் மாரத்தானைச் சுற்றி அமைந்தது. ஒற்றை இலக்க வெப்பநிலை, கொட்டும் மழை, முகத்தில் அறையும் எதிர்க்காற்று. இப்படிப்பட்ட குளிரில் உடம்பு நடுங்கி நடுங்கியே கிளைக்கோஜனைச் செலவழிக்கும். தாகம் தெரியாது. விரல்கள் மரத்துப்போய் ஜெல் பாக்கெட்டைக் கிழிக்க வராது. பல்லால் கடித்துக் கிழிக்கத் தாடையும் ஒத்துழைக்காது. சாப்பாடு சட்டைப்பையிலேயே இருக்கும், ஆள் பட்டினியில் விழுவார். அன்றைக்கு முன்னணி ஓட்டக்காரர்கள் பலர் பாதியில் விலகினார்கள்.

லிண்டன் 2 மணி 39 நிமிடம் 54 விநாடியில் பெண்கள் பிரிவில் முதலாவதாக வந்தார். பத்திரிகைகள் வழக்கம்போல இரும்பு மனம் என்று எழுதின. அவர் சொல்வது வேறு. ஆரம்பக் கட்டத்திலேயே உடம்பு சரியில்லை, விலகிவிடலாம் என்று தீர்மானிக்கிறார். விலகத்தான் போகிறோம், அதற்குள் யாருக்காவது உதவுவோம் என்று சக வீராங்கனை ஷலேன் ஃப்ளானகனிடம் சொல்கிறார். ஃப்ளானகன் கழிப்பறைக்குள் ஓட, இவர் வேகத்தைக் குறைத்துக் காத்திருந்து அவரைக் கூட்டத்தோடு சேர்த்துவிடுகிறார். ஒரு பெரும் வெற்றியின் கதை கழிப்பறை வாசலில் திரும்புகிறது என்பதே அந்தப் புத்தகத்தின் நாணயத்துக்குச் சாட்சி.

அதைவிட முக்கியமான இழை தைராய்டு. பந்தயத்துக்கு முந்தைய வருடம் லிண்டனுக்குத் தைராய்டு சுரப்பு கடுமையாகக் குறைந்திருந்தது கண்டுபிடிக்கப்படுகிறது. அதற்கு முன்பு தீராத அசதி. உலகத்தின் தலைசிறந்த ஓட்டக்காரர் ஒருவருக்கே, இது நோயா சோம்பலா என்று பிரித்துத் தெரிந்துகொள்ள ரத்தப் பரிசோதனை தேவைப்பட்டிருக்கிறது. அப்படியிருக்க, அலுவலகம் முடிந்து வந்து 12 கிலோமீட்டர் ஓட முடியாத ஒரு பெண்ணிடம் மனசு வைத்தால் முடியும் என்று எந்தத் தைரியத்தில் சொல்கிறோம்?

மனம் என்று ஒன்று வேலை செய்வதேயில்லை என்று நான் வாதாடவில்லை. அதே 2018 பாஸ்டனில் ஆண்கள் பிரிவில் முதலாவதாக வந்த யூகி கவாவுச்சி, அப்போது சைதாமாவில் பள்ளியொன்றில் முழுநேர அரசு ஊழியராக இருந்தார். அந்த வருடம் ஜனவரி முதல் தேதி, மைனஸ் 17 டிகிரி குளிரில், மாசச்சூசெட்ஸின் மார்ஷ்ஃபீல்டில் முழு மாரத்தான் ஓடியிருந்தார். அன்றைக்கு அதை முடித்தவர் அவர் ஒருவர்தான். இதை வைராக்கியம் என்று தாராளமாகச் சொல்லலாம். ஆனால் அந்த வைராக்கியம் எதில் செலவானது என்று பாருங்கள். குளிரை வெறுமனே சகிப்பதில் அல்ல, குளிருக்குத் தன் உடம்பை முன்கூட்டியே அறிமுகப்படுத்துவதில். மோசமான வானிலையில் லாங் ரன் போவதன் அர்த்தம் அதுதான். எந்த உடை நனைந்தால் உரசும், எந்த நேரத்தில் வயிறு எதை ஏற்கும், மரத்த விரலால் எந்தப் பொட்டலத்தைப் பிரிக்க முடியும் என்று தெரிந்துகொள்வது. மனம் உருப்படியாகச் செய்யக்கூடிய வேலை, உடம்பு சொல்வதைக் கேட்பது.

*

இதற்கு எதிர்முனையிலும் ஒரு பிரதி இருக்கிறது: விளம்பரம். எல்லாவற்றுக்கும் தீர்வு பாக்கெட்டில் இருக்கிறது என்பது அதன் மதம். குடி, இன்னும் குடி, தாகம் வரும் முன்பே குடி என்று ஒரு தலைமுறைக்கு அது சொல்லிக்கொடுத்தது. 2002 பாஸ்டன் மாரத்தானில் சோதிக்கப்பட்ட 488 பேரில் 13 சதவீதத்தினருக்கு ரத்தத்தில் சோடியம் அளவுக்கு மீறிக் குறைந்திருந்தது. அதோடு நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தது, ஓடும்போது அளவுக்கு மீறிக் குடித்து எடை கூடியது. அந்தப் பந்தயத்தில் ஓர் இளம்பெண் இதனாலேயே இறந்தார். 1904இன் ஏற்பாட்டாளர் தாகத்தை மதிக்கவில்லை. 2002இன் அறிவுரை தாகத்தை நம்பவில்லை. இரண்டு பேருமே ஓடுபவரின் உடம்பைக் கேட்காமல் அதைப் பற்றி முடிவெடுத்தவர்கள்.

நம் ஊருக்கு வருவோம். சென்னையில் மாரத்தான் ஜனவரியில். ஆகவே லாங் ரன் எல்லாம் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழைக்குள். விடியற்காலை நாலு மணிக்கே காற்றில் ஈரப்பதம் நிறைந்து வழியும். வியர்வை கொட்டும், ஆனால் ஆவியாகாது. ஆவியாகாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. மழை பிடித்தால் ஷூ ஒவ்வொன்றும் அரைக் கிலோ கூடின மாதிரி கனக்கும். இந்த நிலையில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்தை உள்ளே தள்ளப் பழக வேண்டும். சிலருக்கு ஜெல், சிலருக்குப் பேரீச்சம்பழம், சிலருக்கு மலைவாழைப்பழமும் உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறும். குடலையும் காலைப் போலவே பயிற்றுவிக்க வேண்டும் என்பது முரகாமியில் கிடைக்காத பாடம்.

தமிழ் வாசகர்களான நமக்கு இது புரியாமல் இருக்க நியாயமே இல்லை. பசியைப் பிணி என்று அழைத்த மொழி இது. பசியை ஒரு பாத்திரத்தால் தீர்க்கக் கிளம்பிய ஒரு பெண்ணைக் காப்பியத்தின் தலைவியாக்கியிருக்கிறோம். பிணி என்று சொல்லிவிட்டால் அதற்கு மருந்துதான் தேடுவோம். பிணியாளியின் குணத்தைக் குறை சொல்ல மாட்டோம். மணிமேகலையை வைத்திருக்கும் ஒரு மரபு, 32ஆவது கிலோமீட்டரில் உட்கார்ந்துவிட்டவரைப் பார்த்து மன உறுதி போதாது என்று சொல்வது வினோதம்தான்.

தமிழில் ஓட்டத்தைப் பற்றி நல்ல கட்டுரைகளும் கதைகளும் இனிமேல்தான் நிறைய வர வேண்டும்; இப்போது பயிற்சியில் இருப்பவர்களில் சிலராவது எழுதுவார்கள். அவர்களிடம் ஒரு வாசகனாக என் வேண்டுகோள் சின்னது. சூரிய உதயத்தை எழுதுங்கள், கடலை எழுதுங்கள், அழுகை வந்தால் அதையும் எழுதுங்கள். கூடவே அன்றைக்கு மழை எத்தனை மணிக்குப் பிடித்தது, பாக்கெட்டில் என்ன இருந்தது, அதை எந்த இடத்தில் தின்றீர்கள், தின்ன மறந்தால் எதன் மீது கோபம் வந்தது என்றும் எழுதுங்கள். ஆடு இல்லாவிட்டால் பரவாயில்லை, நம் சாலையோரத்தில் எருமையாவது நிற்கும்.